படம் பார்க்கக் கட்டிப்போன சேலை

அக்காள் இறந்து ஐந்தாவது மாதம் நாங்கள் கோயமுத்தூருக்குப் படம் பார்க்கப் போனோம். கேட்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். எனக்கு அப்போது விசித்திரமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. கிளம்பு என்றார்கள், கிளம்பினேன். அந்த ஐந்து மாதமும் அப்படித்தான் இருந்தேன். சாப்பிடு என்றால் சாப்பிடுவேன். குழம்பில் உப்பு இல்லை என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அக்காளை எடுத்துக்கொண்டு போனபோதுகூட நான் அழவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது பெரிய பேச்சாகிவிட்டது. கிணற்றடியில் என் காதுபடவே கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நான் மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கோபப்படுவதற்கு முதலில் காதில் விழுந்தது உள்ளே போக வேண்டுமே.

படமாக வந்திருந்த கதை எங்களுக்குப் பழக்கமான கதை. அந்தப் புத்தகத்தைப் பல வருடங்களுக்கு முன் அப்பா தேர்த்திருவிழாக் கடையில் வாங்கி வந்தார். பெரிய எழுத்து, மங்கிய படங்கள், தொட்டால் விரலில் மை ஒட்டும். பருத்தி வந்து குவிந்திருக்கும் நாட்களில், சரியாக வெடிக்காத காய்களை உடைத்துப் பஞ்செடுக்க நாங்கள் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். அம்மா, நான், அடுத்த தோட்டத்திலிருந்து வரும் என் தோழி. அக்காள் மட்டும் காய் உடைக்க மாட்டாள். அவள் படிப்பாள். எனக்கும் படிக்கத் தெரியும், ஆனால் என் படிப்பைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கதை இதுதான். ஒரு மந்திரக்காரி ஒரு ராணியைக் கல்லாக்கிவிடுகிறாள். பிறகு ராணியின் உருவத்தையே எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் போய் இருக்கிறாள். ராஜாவுக்குத் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை. ராணியின் சின்ன மகனுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. அவன் பறக்கும் குதிரையில் ஏறிப் போய், ஏழு மலை தாண்டி மூலிகை கொண்டுவந்து கல்லைத் தாயாக்குகிறான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. கடைசி நாலு ஏட்டை எங்கள் எருமை தின்றுவிட்டது. காய் உடைத்த ஓட்டோடு சேர்ந்து அந்த ஏடுகளும் அதன் தொட்டிக்குப் போய்விட்டன.

அக்காள் அதற்கெல்லாம் அசரவில்லை. இல்லாத ஏட்டையும் கையில் இருப்பதுபோலவே படித்தாள். ராணி திரும்பி வந்தாள், மந்திரக்காரி தன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள், எல்லோரும் சௌக்கியம். அவ்வளவுதான். மந்திரக்காரிக்கு எந்த ஊர் என்று தோழி ஒருமுறை கேட்டாள். பெருந்துறை என்றாள் அக்காள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிப் பஞ்சு பறந்துவிட்டது என்று அம்மா திட்டினாள்.

அக்காளைப் பெரியநாயக்கன்பாளையத்தில் கொடுத்தோம். ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டாவது பிரசவத்தில் அக்காளும் போனாள், பிறந்ததும் போயிற்று. மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. அவளிடம் அம்மா சாமியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அக்காள் புருஷனான மாமாவின் தமக்கை வந்து இருந்து சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறதே, எத்தனை நாள் இருப்பாள்.

எங்கள் வீடுகளில் அக்காள் போய்விட்டால் தங்கையைக் கொடுப்பது சர்வ சாதாரணம். அதற்குப் பெண் பார்ப்பது, ஜாதகம் பார்ப்பது எதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவளின் சேலை ஒன்றை அவள் புருஷன் வீட்டார் கொண்டுவந்து தங்கை கையில் கொடுப்பார்கள். கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் வந்தால் சம்மதம். பெட்டியிலேயே கிடந்தால் இஷ்டமில்லை என்று அர்த்தம். வாய் திறந்து யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் மரியாதைக் குறைவு. எங்கள் ஆட்களுக்கு மரியாதை ரொம்ப முக்கியம். ஒருத்தி தலையெழுத்தைக்கூட மரியாதையாகத்தான் தீர்மானிப்பார்கள்.

மூன்றாவது மாதமே மாமா வீட்டிலிருந்து சேலை வந்துவிட்டது. அரக்கு நிறம், மஞ்சள் கரை. அக்காள் தலைத் தீபாவளிக்குக் கட்டியது. நான் அதைப் பெட்டியில் வைத்தேன். வேண்டாம் என்று வைக்கவில்லை, வேண்டும் என்றும் வைக்கவில்லை. வைக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள், வைத்தேன். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. அம்மா தினமும் ஏதாவது சாக்கு வைத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். அப்பா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எல்லோரும் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அப்போதுதான் மாமா சொல்லி அனுப்பினார். டவுனில் அந்தக் கதை டாக்கியாக வந்திருக்கிறதாம். வண்டியில் மேளம் கட்டி நோட்டீஸ் போட்டுக்கொண்டு போனார்களாம். நோட்டீஸில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தை, இது அம்மா சொன்ன கதை என்று அதை வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு எல்லோரும் வர முடியுமா என்று கேட்டிருந்தார். அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை. அம்மா, நான், தோழி மூன்று பேரும் போவது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்த தப்பை இப்போது சொல்லிவிடுகிறேன். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உள்ளே போய், கொடியில் கைக்கு அகப்பட்ட சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டேன். முந்தின நாள் அம்மா பெட்டித் துணிகளை எல்லாம் வெயில் காட்டி அந்தக் கொடியில் போட்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது. நான் பார்க்கவும் இல்லை. அந்த மாதங்களில் நான் எதைப் பார்த்தேன், சேலையைப் பார்ப்பதற்கு. அம்மா வேண்டுமென்றே அதை மேலாகப் போட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதைக் குறைவு.

பஸ் சூலூர் தாண்டிய பிறகுதான் தோழி என் முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏ புள்ள, இது உங்க அக்கா சேலைதானே? கட்டிப்போட்டியா?" என்றாள் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். அரக்கு நிறம், மஞ்சள் கரை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கமா உக்காரு கண்ணு, காத்து வரும்" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் குரல் அவ்வளவு இளகி நான் கேட்டதில்லை. தெரியாமல் கட்டிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பிறகு வரப்போகும் பேச்சுகளை நினைத்தேன். அலுப்பாக இருந்தது. காற்று வரும் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கொட்டகை வாசலில் மாமா நின்றிருந்தார். அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தை. எங்களைக் கண்டதும் கையை விட்டுவிட்டு ஓடி வந்தது. ஓடி வந்தது அந்தச் சேலையை நோக்கி. நாலடி தூரத்தில் நின்றுவிட்டது. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது.

"நீங்களா?" என்றது.

"நாந்தான் கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது. மாமா சேலையைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். டிக்கெட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார்.

தகரக் கொட்டகை, உள்ளே ஒரே வெக்கை. பெண்களுக்கு இடுப்பளவு சுவர் வைத்துத் தனியாகத் தடுத்திருந்தார்கள். பெஞ்சில் தோழி, அம்மா, நான், என் மடியில் குழந்தை. எனக்கு அது முதல் படம். பேசுகிற படத்தைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்தவர்களின் கதையை எல்லாம் தோழி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைத் துணியில் ஆட்கள் நடந்தார்கள், பாடினார்கள். ராஜா மூச்சுக்கு மூச்சு பாடினார். ராணி கல்லானபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். பறக்கும் குதிரையைத் தூக்கும் கயிறு நன்றாகத் தெரிந்தது. கயிறு தெரிகிறது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

ராணியாகவும் மந்திரக்காரியாகவும் ஒரே நடிகைதான். அதே மூக்குத்தி, அதே கொண்டை, அதே சேலை. அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு எந்திரம் என்பதால் ஒரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். அப்படி ஒவ்வொரு முறை விளக்கு எரிந்தபோதும் குழந்தை மடியிலிருந்து அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. முதலில் வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறது என்று நினைத்தேன். மூன்றாவது முறை அது என் மூக்கையும் காதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதைக் கவனித்தேன். விளக்கு அணைந்ததும் முந்தானைக் கரையைப் பிடித்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தது.

அப்படி விளக்கு எரிந்த ஒரு சமயத்தில்தான் அம்மா குனிந்து அதன் கன்னத்தைத் தடவி, "இனிமே சின்னம்மா உங்க ஊட்டுக்கே வந்துருவா கண்ணு. உனக்குச் சோறு ஊட்டுவா, சடை பின்னி உடுவா" என்றாள். என்னிடம் கேட்கவே இல்லை. எதற்குக் கேட்பாள், நான்தான் கட்டிக்கொண்டு வந்துவிட்டேனே.

எருமை தின்ற நாலு ஏட்டில் என்ன இருந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன். ராணி உயிரோடு வந்ததும், மந்திரக்காரியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். அவள் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினாள். கொட்டகை முழுக்கக் கைதட்டல், சீழ்க்கை. முன்வரிசை அம்மாள் நன்றாக வேண்டும் என்று விரலை நெரித்தாள்.

"அக்கா இப்படிச் சொல்லலியே" என்றாள் தோழி.

"புஸ்தகத்துல இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள் அம்மா. கதை ஒழுங்காக முடிந்ததில் அவளுக்குத் திருப்தி.

எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒன்று எனக்குள்ளே போனது, அது பயம். அந்தக் கைதட்டல் என் முதுகில் விழுவதுபோல இருந்தது. குழந்தை கை தட்டவில்லை. முந்தானையை மட்டும் விட்டிருந்தது.

வெளியே வந்தால் வெயில் இன்னும் இறங்கவில்லை. மாமா எல்லோருக்கும் கலர் சோடா வாங்கினார். அம்மாவும் தோழியும் பல்லடம் பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்கள். மாமா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "தெரிஞ்சுதான் கட்டியிருக்கியா அம்மணி?" என்றார்.

அந்த ஐந்து மாதத்தில் என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மரியாதை தெரியாதவர் என்று இதற்காக நான் அவரை ஒருநாளும் நினைத்ததில்லை. இல்லை, தெரியாமல் கட்டிவிட்டேன் என்று அப்போது சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டியிருப்பார், சேலை பெட்டிக்குத் திரும்பியிருக்கும். சொல்வதா என்று யோசித்தேன். அந்தச் சமயத்தில் குழந்தை என் கையை இழுத்தது.

"சின்னம்மா, படத்துல தப்பா எடுத்துப்போட்டாங்க. அவளை நெருப்புல போட மாட்டாங்க. அம்மா சொல்லியிருக்கு. அவ மூட்டை கட்டிக்கிட்டு அவ ஊருக்குப் போயிருவா."

"ஆமா கண்ணு" என்றேன்.

"நீங்க எங்க ஊட்டுக்கு வரப்போறீங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார்.

"அம்மா வந்ததும் நீங்க உங்க ஊருக்குப் போயிருவீங்கல்ல?"

யாரும் அதுவரை எனக்கு இப்படி ஒரு நியாயமான ஏற்பாட்டைச் சொன்னதில்லை. நெருப்பு இல்லை, கைதட்டல் இல்லை. வரவேண்டிய ஆள் வரும்வரை இருந்துவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். நான் அதன் உயரத்துக்கு உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்க அம்மா வந்த அன்னிக்கே போயிருவேன் கண்ணு."

அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "செரிங்க" என்றது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார். என் சம்மதம் அவர் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பல்லடம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சூலூர் வரை நான் அழுதேன்.

தை மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு எனக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்கள் அம்மா என்று கூப்பிட்டார்கள். மூத்தவள் கடைசிவரை சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணமாகிப் போகிற அன்றுகூட அப்படித்தான் கூப்பிட்டாள். நானும் மாற்றச் சொல்லவில்லை. கொட்டகை வாசலில் பேசிக்கொண்டது அப்படித்தானே. நான் கொண்டுபோன துணி மூட்டையின் முடிச்சை அவிழ்க்காமல் ரொம்ப வருடம் பரண்மேல் வைத்திருந்தேன். அவள் அம்மா வரவில்லை. நானும் போகவில்லை.