பெயர் சொன்னால் திரும்பாத ஷாலினி

மூளையைப் படம் பிடிக்கிற வேலையில் பாதி நாள் "அசையாதீங்க" என்று கெஞ்சுவதிலேயே போய்விடும். ஆராய்ச்சி என்று சேர்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், பெங்களூரில் ஆட்டிசம் பற்றிய ஓர் ஆய்வில் நானும் மஞ்சுநாத்தும் இருந்தோம். அவன் அங்கேயே ஜீவனஹள்ளியில் வளர்ந்த கன்னடக்காரன், தமிழ் சரளம்.

பொய் ஸ்கேனர்

வருகிறவர்களைப் பழக்குவதற்கு ப்ளைவுட்டில் குழாய் மாதிரி ஒரு பொய் ஸ்கேனர் வைத்திருந்தோம். உள்ளே படுக்கவைத்து, மெஷின் சத்தத்தை டேப்பில் போடுவோம். நீலசந்திரா ஏரியாவிலிருந்து ஷாலினி வந்தாள். பத்தொன்பது வயது, ஆட்டிசம். பேச்சு கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எல்லோரும் பயப்படுகிற குழாய்க்குள் தானாகவே ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டேப் முடிந்தது. சத்தம் நிற்கவில்லை. மஞ்சுநாத் கேசட்டை வெளியே எடுத்துவிட்டான். அப்போதும் அதே சுருதி, அதே தாளம், அவள் தொண்டையிலிருந்து. கேசட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "டேப் எங்கிட்ட இருக்கு. மெஷின் அங்க ஓடுது."

கட்டிலுக்கு அடியில்

அடுத்த தடவை அவள் அம்மா மேரியம்மா வந்தபோது முகம் சரியில்லை. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைக்கிறவர், அதிகம் பேச மாட்டார். ஷாலினி வீட்டில் கட்டிலுக்கு அடியில் நீட்டிப் படுத்து அந்தச் சத்தத்தைப் போடுகிறாளாம். பழகினால் நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான் மேடம். அவ ஆரம்பிச்சா தெரு நாயெல்லாம் குலைக்காம எங்க வாசல்ல வந்து உக்காந்துக்குது."

என் முறை

ஒப்பிடுவதற்கு ஆட்டிசம் இல்லாதவர்களும் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நாங்களே உள்ளே போவோம். அன்று நான். இரண்டு படங்களுக்கு நடுவே மெஷின் அமைதியானது. ஹெட்ஃபோனில், காதோடு காதாக, யாரோ மூச்சு விட்டார்கள். நான் மூச்சை அடக்கினேன். அந்த மூச்சு நிற்கவில்லை.

வெளியே வந்ததும், ஹெட்ஃபோனுக்குப் பேசுகிற மைக்கை யார் போட்டது என்று கேட்டேன். மஞ்சுநாத் திரையைக் காட்டினான். "நான் இல்ல. ஷாலினிதான் மைக் பக்கத்துல உக்காந்திருந்தா. கண்ணெடுக்காம உன் மூளையையே பாத்துட்டிருந்தா."

அம்மாவின் குரல்

காத்திருக்கும்போதெல்லாம் மேரியம்மா, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "எனக்கு முன்னாடி இவ போயிட்டா நிம்மதி" என்பார். ஷாலினி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் அவளைப் படம் எடுத்தோம். மேரியம்மாவின் குரலில் சில பெயர்களைப் பதிவு செய்து ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தோம். அவள் சலனமே இல்லாமல் கிடந்தாள். ஆனால் கணக்கெல்லாம் முடிந்து வந்த படத்தில், 'ஷாலினி' என்ற பெயருக்கு மட்டும் மூளையில் ஓரிடம் சிவந்திருந்தது, அதாவது வேலை செய்திருந்தது. ஒரே ஒரு படத்தை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது என்று சொல்லித்தான் மேரியம்மாவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பிறகு, அவளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்போ நான் சொன்னதெல்லாம் உள்ளதான் இருக்கா மேடம்?"

அடுத்தவர் மூளைக்குள் எட்டிப் பார்ப்பதற்குத்தான் எங்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பார்த்த பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.