அறுபது பாகையிலும் நிலையாக

2025ஆம் ஆண்டு மார்ச் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு அம்மா இருமத் தொடங்கினார். அப்போதுதான் ரைஸ் குக்கரின் பொத்தானை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருந்ததால், நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அது சளி இருமல் இல்லை. ஒவ்வோர் இருமலின் முடிவிலும் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. மூன்றாவது விசிலுக்கு நான் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

மலேசியாவின் மூவார் நகருக்கு வெளியே சலவைத்தூள் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் அம்மா பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அன்று மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து நலமாகத்தான் வந்து இறங்கினார். அவரைத் தினமும் காரில் அழைத்துப்போய்க் கொண்டுவருபவர், அதே உற்பத்தி வரிசையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, இன்னைக்கு வேலை எடத்துல ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலியே பாப்பா. ஒரு மூட்டை கிழிஞ்சிருச்சு, அந்தப் புது என்சைம் மூட்டை. போர்க்லிப்ட்காரன் அது மேலயே ஏத்திட்டான். நாங்கள்லாம் அவனத் திட்டிக்கிட்டு நின்னோம். உங்கம்மாதான் நல்லவங்களாச்சே, தொடப்பத்த எடுத்துக் கூட்டித் தள்ளிட்டாங்க."

"மாஸ்க் போட்டிருந்தாங்களா?"

"அது எதுக்கு லா? மாஸ்க்கெல்லாம் பழசுக்குத்தான். இது ஸ்டேபில் என்சைம். நீதானே பாப்பா எழுதிக் குடுத்த?"

நான்தான் எழுதிக் கொடுத்தேன். கோலாலம்பூரில் தமிழ் இலக்கியம் படிக்கும் நான் இந்த விடுமுறைக்கு வந்திருந்த சமயம், தொழிற்சாலைக்குப் புதிய நொதி, அதாவது என்சைம், ஒன்று வந்தது. அதைக் கையாளும் விதிமுறைகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. அம்மாவையும் சேர்த்து அந்த வரிசையில் இருந்த ஏழு பெண்களும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். தமிழில் ஒரு தாள் இருந்தால் நல்லது என்று மேற்பார்வையாளர் சொன்னதும், தம் மகள் எழுதுவாள் என்று அம்மா பெருமையோடு ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு பிற்பகல்கள் அதற்காகப் படித்தேன். நொதி என்பது ஒரு புரதம். நீண்ட சங்கிலி ஒன்று மடிந்து சுருண்டு ஓர் உருவம் பெறுகிறது. அந்த உருவம் இருக்கும்வரைதான் அது துணியில் படிந்த கறையை அறுக்கும். சூடு ஏறினால் மடிப்புகள் அவிழும், வேலையும் நின்றுபோகும். வெந்த முட்டையின் வெண்கரு பழைய நிலைக்குத் திரும்பாததும் இதனால்தான். ஆகவே, வெந்நீரில் துவைப்பவர்களுக்காகச் சங்கிலியின் சில கண்ணிகளை மட்டும் மாற்றி, சூட்டிலும் மடிப்பு குலையாத நொதிகளை உருவாக்குகிறார்கள். ஓர் அசை பிசகினால் வெண்பாவின் தளை தட்டும் என்று மூன்று ஆண்டுகள் படித்த எனக்கு, இதில் ஒரு மோகமே உண்டாயிற்று. தாளின் முதல் வரியை இப்படி அமைத்தேன்: "இந்த நொதி அறுபது பாகை வெப்பத்திலும் நிலையாக இருக்கும்." முகமூடி அணிய வேண்டும் என்பது ஆறாவது வரி.

நாற்காலியில் நான் உட்காரவைத்த அம்மா, மூச்சுக்கு நடுவே எனக்கு விளக்கம் சொன்னார்.

"டாக்டரு சொன்னாருல்ல... அப்பாவுக்கு... ஸ்டேபில்னா பயமில்லன்னு."

போன ஆண்டு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த நாள்களில், அம்மா ஒவ்வொரு காலையும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வார்டு வாசலில் நின்றார். அந்தச் சொல்லோடுதான் அப்பா வீடு திரும்பினார். தாளை நான் எழுதி முடித்த அன்று, சாப்பாட்டு மேசையில் அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. "நிலையானதுன்னா ஸ்டேபில் தானே பாப்பா?" புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் "ஆமாம்மா" என்றேன். அகராதியின்படி அது சரியான பதில். அம்மா அதை, பயமில்லை என்ற பொருளோடு, எடுத்துப்போய் ஆறு பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

நொதி சிறு மணிகளாகத்தான் வரும்; அவற்றின் மேல் பூச்சு ஒன்று உண்டு. சக்கரம் ஏறினால் பூச்சு நொறுங்கி உள்ளிருப்பது தூளாகும். துடைப்பம் அதைக் காற்றில் எழுப்பும். நுரையீரலுக்குள் போன அந்நியப் புரதத்தைச் சில உடல்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அணுவளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வரலாம். இவை அனைத்தையும் நான் முன்பே படித்திருந்தேன்.

ஆன்ட்டி காரை எடுத்தார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பசார் ரமலான் என்ற நோன்புச் சந்தைக் கடைகளின் முன்னால் வாகனங்கள் நகரவில்லை.

"அலமாக், எல்லாருக்கும் இன்னைக்கே கோழி வாங்கணுமா?" என்று ஹாரனை அழுத்திய ஆன்ட்டி, கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். "நாளைக்கு எம்.சி. லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்து சீரியல் பாக்கப் போறீங்க. குடுத்து வச்சவங்க."

எப்போதும் பதிலுக்குப் பதில் பேசும் அம்மா மூச்சை இழுப்பதிலேயே இருந்தார். கழுத்தடியில் தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழுந்தது. உதடுகளின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவிளக்கின் வெளிச்சத்தில் எனக்கு அது தெரியவில்லை.

கிளினிக்கில் அம்மாவின் முகத்தில் கவசம் பொருத்தி மருந்துப் புகையை விட்டார்கள். கைப்பேசியில் இருந்த ஆங்கிலத் தாளை மருத்துவரிடம் காட்டினேன். அவர் இருமுறை படித்துவிட்டு மலாயில் சொன்னார்: மூச்சுக்குழல் இப்போது திறந்திருக்கிறது. நாளை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சோதனைகள் முடியும்வரை தொழிற்சாலைப் பக்கமே போகக் கூடாது. உடல் அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொண்டுவிட்டதா என்பது பிறகுதான் தெரியும். வைத்துக்கொண்டிருந்தால், மூச்சு அடைக்க இனி ஒரு சிட்டிகை போதும்.

வெளியே காத்திருந்த ஆன்ட்டி எழுந்து வந்தார். "இப்ப ஸ்டேபில் தானே பாப்பா?"

அந்தக் கேள்வியில்தான் இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. என் தாள் இன்னும் தொழிற்சாலைச் சுவரில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆறு பேர் அதன் கீழே வேலையைத் தொடங்குவார்கள். அம்மா கூட்டித் தள்ளியதில் மிஞ்சிய தூள், அழியாமல், தரையிடுக்குகளில் கிடக்கும்.

"ஆன்ட்டி, மாஸ்க் போடணும்னு எல்லாருக்கும் நீங்க சொல்லிடுங்க."

"நானா? நான் சொன்னா ஜோக்குன்னு நெனப்பாங்க. தாளு எழுதுனது நீ. நீயே வந்து சொல்லு."

வகுப்பில் கேள்வி கேட்கவே கையை உயர்த்தாதவள் நான். ஆனாலும் சரி என்றேன்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குத் தொழிற்சாலை வாசலில் மேற்பார்வையாளரைப் பார்த்து, நடந்ததை மலாயில் சொன்னேன். தவறு என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் வரிசையை நிறுத்தி, வடிகட்டி பொருத்திய உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு முகமூடி ஒன்றைக் கொடுத்துப் பெண்களை வெளிக்கூடத்தில் கூட்டினார்.

"யுனிவர்சிட்டிப் பொண்ணு எழுதுனதே தப்பா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"தப்புதான் ஆன்ட்டி. எங்கம்மா மூச்சு விட முடியாம கெடந்தாங்க."

சுவரிலிருந்து கழற்றிய தாளைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில், மார்க்கர் பேனாவால், அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதினேன்: "இது சுடுதண்ணிலயும் சாகாது. தூளு மூக்குல போனா மூச்சு அடைக்கும். மாஸ்க்க கழட்டாதீங்க. தொடப்பத்தால கூட்டாதீங்க." உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு ஒவ்வொருவரிடமும் போய், என்ன புரிந்தது என்று கேட்டேன். ஆறு பேரும் தங்கள் சொற்களில் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். அதற்குப் பிறகுதான், அம்மாவை எக்ஸ்ரேக்கு அழைத்துப்போக, வீட்டுக்குப் பேருந்து ஏறினேன்.