மீனை நிறுத்திய வீடு

இருபத்துநான்கு வயதிலேயே எனக்குக் கொழுப்புக் கூடிவிட்டது என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், அம்மா வீட்டில் மீனை நிறுத்திவிட்டார். "இனி முழுக்கச் சைவம்தான்" என்றார்.

மறுநாள் மத்தியானம் என் தட்டில் பொரித்த கத்தரிக்காய், பொரித்த வாழைக்காய், அப்பளம், மோர்மிளகாய். எல்லாம் முதல் நாள் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில் பொரிந்தவை.

"டொக்டர் மீனை வேண்டாமெண்டு சொல்லேல்லை அம்மா. பொரிச்சதைத்தான் குறைக்கச் சொன்னவர். ஒருக்காப் பொரிச்ச எண்ணெயைத் திருப்பிப் பாவிக்கக் கூடாதாம்."

"மரக்கறியிலை ஏது பிள்ளை கொழுப்பு?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் வேலை ஓடவில்லை. தாச்சிச் சட்டியில் கிடந்த அந்தக் கறுத்த எண்ணெய்தான் கண்ணுக்குள் நின்றது. வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளைக் குருநகர் மீன்சந்தைக்கு விட்டுச் சூடை மீன் வாங்கிவந்தேன்.

"குழம்பு மட்டும் வையுங்கோ." அம்மா முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார். நான் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால், குழம்புக்குப் பக்கத்தில் நாலைந்து மீன் மொறுமொறுவென்று பொரிந்திருந்தது.

"வெறுங் குழம்போடை எப்பிடிச் சோறு இறங்கும்?" என்றார் அம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கை முதலில் போனது மீன் பொரியலுக்குத்தான்.