வளையல்காரம்மா விடாத கை

இது நடந்தது ஐம்பதுகளின் நடுவில், பாகலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். நான் பிறந்தது சிங்காரப்பேட்டை. அந்த வெயிலில் வளர்ந்த எனக்கு இந்தப் பக்கத்துக் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மார்கழியில் காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. அதனால்தான் போர்வை தைக்க ஆரம்பித்தேன். கிழிந்த சேலை, நைந்த வேட்டி, தையல்கடையில் வெட்டிப் போட்ட துண்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, அடுக்காக வைத்து, நெடுக ஓட்டுத்தையல் போட்டால் நல்ல கனமான போர்வையாகிவிடும். முதலில் குளிருக்காகத் தைத்தது, போகப்போக ஆசையாகிவிட்டது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைக்கலாம் என்று அடுப்படியிலும் அதே யோசனைதான். "கந்தல வெச்சிக்கினு உனக்கு இன்னாம்மா அவ்ளோ ஆசை?" என்று மாமியார் சிரிப்பார். ஆனால் தன் பழைய சேலைகளை எனக்கென்று மடித்து வைப்பவரும் அவர்தான்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களெல்லாம் வந்து வீடு நிறைந்திருந்தது. ஆனேக்கல் பக்கம் வாக்கப்பட்டிருந்த நாத்தனாரும் தன் பெண்ணோடு வந்திருந்தாள். பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும். அந்தப் பக்கமே வளர்ந்ததால் கன்னடம் தவிர வேறு பேச்சு வராது. வந்த இடத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

மறுநாள் காலை எல்லாரும் மாட்டுவண்டி கட்டிக் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். காதுகுத்துக்கு அத்தை இல்லாமல் எப்படி? நாத்தனார் போயே ஆகவேண்டும். நானோ மாசமாக இருந்தேன். வண்டி குலுங்கும், வேண்டாம் என்று என்னை வீட்டிலேயே விட்டார்கள். "பொண்ண பாத்துக்க அண்ணி" என்று நாத்தனார் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் அரைகுறையாகத் தைத்து வைத்திருந்த போர்வை ஒன்று மூலையில் துணி மூட்டைமேல் கிடந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் துணி வைப்பதற்காக ஒரு பக்கத்தை மூடாமல் விட்டிருந்தேன். பிள்ளை குளிரில் நடுங்கியதால் அதையே எடுத்துப் போர்த்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வளையல்காரம்மா வந்தார். கோயிலிலிருந்து திரும்பும் பெண்களுக்கு வளையல் போட்டுவிட மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாராம். கர்நாடகத்துப் பக்கம். அவருக்குத் தமிழ் ஓரிரு வார்த்தை, எனக்குக் கன்னடமும் அவ்வளவுதான். சிரித்துத் தலையாட்டிக்கொண்டோம். அவர் கூடத்தில் உட்கார்ந்து வளையல் சரங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை படுத்திருந்த அறை அவருக்கு நேரே தெரியும்.

நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு போர்வையின் விட்ட பக்கத்தை மூடிவிடலாம் என்று பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முழங்காலுக்கு மேலே போர்வை மெதுவாக மேடாகி அடங்கியது. காலை ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் கால்களைப் பார்த்தேன். இரண்டு பாதமும் போர்வைக்கு வெளியே அசையாமல் இருந்தன.

அப்போதுதான், தைக்காத அந்த வாயில் கறுப்பாக, வெள்ளைக் கோடு கோடாக ஒரு வால் உள்ளே இழுபட்டுப் போனது. கட்டுவிரியன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை ஒருக்களித்துப் படுத்தாள். போர்வையின் வாய் அவள் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அது உள்ளே, வெளியே வர வழியில்லை.

கத்த வாயைத் திறந்தேன். வளையல்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு போர்வை மறுபடி மேடாகி ஊர்வதைப் பார்த்தார். வாய்மேல் விரலை வைத்து எனக்குச் சாடை காட்டினார். எழுந்து வெளியே ஓடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ குட்டி வளையல் சரம் ஒன்றை எடுத்துக்கொண்டு பூனைபோல வந்து பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"கை கொடு கந்தா" என்றார், கொஞ்சலாக. கந்தா என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை. பிள்ளை கையை நீட்டினாள். "அல்லாடபேட. பளே ஒடெது ஹோகுத்தே."

எனக்கே புரிந்தது. ஆடாதே, வளையல் உடைந்துபோகும் என்கிறார்.

ஒவ்வொரு வளையலாக, அவ்வளவு மெதுவாக, அந்தச் சின்ன மணிக்கட்டில் ஏற்றினார். ஏற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். இனி நீதான் ஏதாவது செய்யவேண்டும் என்பதுபோல.

போர்வையைத் தூக்கினால் அது பயந்து எந்தப் பக்கம் திரும்புமோ தெரியாது. வேறொரு வழி திறந்துவிடவேண்டும். கால்மாட்டில் ஒரு மூலை தரையில் கிடந்தது. அந்த மூலையை முடிச்சுப் போடாமல் நீளநீளமாகத் தைத்து விட்டிருந்தேன். நான் போட்ட தையல், எந்த நூலை இழுத்தால் எது அவிழும் என்று எனக்குத் தெரியும். மாசமாக இருப்பவளைப் பாம்பு தீண்டாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த நேரத்தில் அதெல்லாம் தைரியம் கொடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு நூலை இழுத்தேன். பாதியில் சிக்கியது. மூச்சை அடக்கி மறுபடி இழுத்தேன். சாண் அகலத்துக்கு மூலை திறந்துகொண்டது. நான் அப்படியே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பிள்ளை எழுந்து உட்காரப் பார்த்தாள். அந்தம்மா அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "கெம்பா? ஹசிரா?" என்று கேட்டார். சிவப்பா, பச்சையா என்று. பிள்ளை யோசித்து, "ஹசிரு" என்றாள். பச்சை வளையல் ஒன்று ஏறியது.

அப்போது மூலையிலிருந்து தலை வெளியே வந்தது. பகல் வெளிச்சத்தில் அதற்கு வேகமே இல்லை. தரையில் இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது.

அந்தம்மா ஒரே வீச்சில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே பிள்ளையை இறக்கிவிட்டார். அவர் கையிலிருந்த சரம் நழுவி வளையலெல்லாம் கல்லில் விழுந்து உடைந்தன. அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. கையை ஆட்டிப் பச்சை வளையலைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வண்டிகள் திரும்பி வந்தன. விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். பிறகு அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆண்கள் தடியோடு தேடினார்கள், பாம்பு அகப்படவில்லை. வியாபாரத்துக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் வாசலில்தான் சோறு போடுவது வழக்கம். அன்றைக்கு மாமியார் அந்தம்மாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து, பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

எனக்கு அந்தப் போர்வையை எரித்துவிடத் தோன்றியது. நாத்தனார் விடவில்லை. முழுதாகப் பிரித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். ஆனேக்கலுக்கு எடுத்துப் போனாள்.

வளையல்காரம்மா அடுத்த வருஷம் வந்தார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் கன்னடம் வந்திருந்தது. அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்தான். ஆனா, கை குடுன்னு கேட்டு கொழந்த குடுத்திருச்சே. அப்புறம் எப்பிடி விடறது?" என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டு, என் குழந்தைக்கு வளையல் அளவு பார்க்க ஆரம்பித்தார்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்திருக்கிறார்கள், விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்த வேளைகளும் உண்டு. அப்போதெல்லாம் அந்தம்மா சொன்ன அந்தப் பதில்தான் என்னை எழுந்துபோக விடாமல் உட்காரவைத்தது.