ஏழு வருஷமா லேட்டு

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அக்காவும் நானும் பதினோரு வருஷமாக எதிரெதிரே நின்று போர்வை மடிக்கிறோம். கூடப் பிறந்தவள் இல்லை. அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். அவள் புருஷன் ஏழு வருஷத்துக்கு முன்னால் "இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன். இரண்டு ஸ்டாப் தள்ளி டயர் கடையில் சௌக்கியமாகப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். யாராவது விசாரித்தால் அக்கா, "அவரு கொஞ்சம் லேட்டு" என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அழுதுகொண்டிருந்தால் மெஷின் நிற்குமா?

அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது.

அக்கா மகளுக்குப் பார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால் கல்லூரி, வராவிட்டால் எங்களோடு போர்வை. சூப்பர்வைசர் அவளுக்கென்று ஒரு ஏப்ரன்கூட எடுத்து வைத்துவிட்டார், பாவி மனுஷன். அக்கா மார்க் ஷீட், வருமானச் சான்று, போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். நானும் போனேன். படிவம் அடித்துக்கொடுக்கிறவர், "பொண்ணோட அப்பா லேட்டாக்கா?" என்று கேட்டார். இவள் வாய் சும்மா இருக்குமா?

"ஆமாப்பா, ஏழு வருஷமா லேட்டு."

அவர் 'ச்சு' கொட்டினார். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். தகப்பன் பெயருக்கு முன்னால், செத்தவர்களுக்குப் போடுகிற அந்த 'லேட்'டைப் போட்டுவிட்டார். நாங்களோ மார்க்கை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தோம்.

உதவித்தொகை மனுவுக்குக் கடைசி நாள். கல்லூரி கவுன்ட்டரில் குமாஸ்தா கேட்டார்: "இறப்புச் சான்றிதழ் எங்கம்மா?"

"யாரு சார் செத்தா?"

"உங்க வீட்டுக்காரரு."

"அவரு நல்லாத்தான் சார் இருக்காரு!"

"அப்போ அவரே வந்து திருத்தப் படிவம் எழுதிக் குடுக்கணும். அஞ்சு மணி வரைக்கும்தான்."

"பெத்தவ நான் இருக்கேன் சார். நான் எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"ரூல்ஸ்மா."

பதினெட்டு வருஷம் வளர்த்தவள் கையெழுத்து செல்லாதாம், ஓடிப்போனவன் கையெழுத்து செல்லுமாம். அந்த ரூல்ஸை எழுதியவனை ஒரே ஒரு நாள் போர்வை வேகவைக்கிற எங்கள் கொதிதொட்டிப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும்.

மகளை வரிசையில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்துப் போய் அவனை இழுத்து வந்தோம். கையெல்லாம் டயர்க் கறுப்போடு, கவுன்ட்டரில் அக்காவைப் பார்த்துக் குதித்தான்: "உயிரோட இருக்கிறவனை சாகடிச்சிட்டியா?"

அவனை என்றைக்கும் 'நீங்க' என்றுதான் அக்கா சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

"செத்திருந்தா ஒரு சர்டிபிகேட்டாவது கெடைச்சிருக்கும். எழுது."

எழுத உட்கார்ந்தான். மகள் பிறந்த தேதி? அக்காவைப் பார்த்தான். சொன்னாள். எந்தப் பள்ளிக்கூடம்? சொன்னாள். என்ன படிப்பு? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சொன்னாள். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அடுத்த கட்டத்தில் 'மாணவிக்கு என்ன உறவு' என்று இருந்தது. கேட்டுக் கேட்டே எழுதிய பழக்கத்தில் மறுபடி நிமிர்ந்தான்.

"இங்க என்ன போடணும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தத் தடவை மகள்தான் சொன்னாள்:

"அப்பான்னு போடுங்க. இந்தப் பேப்பர்ல மட்டும்."

போட்டான். குமாஸ்தா முத்திரை குத்தி ரசீதை நீட்டினார். மகள் அதைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அவன் தலையைச் சொறிந்தான். "இருங்க, டீ வாங்கிட்டு இதோ வந்துடறேன்."

பஸ் வந்தது. நாங்கள் ஏறிவிட்டோம்.