வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கல்யாணம்

காலை ஆறரை மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த எண்பத்தேழாம் வருடம். கோமுகி அணை தாண்டி மலை ஏறும்போது கண்டக்டர் எச்சரித்தார்: "நாளைக்கு மறியலாம் சார். எறங்கறது கஷ்டம்." எனக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

நான் பார்க்கப் போனது வெள்ளிமலையின் பழைய பள்ளிக்கூடத்தை. புதுக் கட்டடம் வந்த பிறகும் இடிக்காமல், ஓடு, கரும்பலகை, குட்டை பெஞ்சுகள் எல்லாம் அப்படியே இருக்க, பார்வைக்கு விட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த ராஜம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "பெஞ்சுல குந்தக் கூடாதுங்க." பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன். அன்றைக்குக் கீழே இறங்க வேறு பஸ் இல்லாததால் ராத்திரி ஊரிலேயே தங்கினேன்.

மறுநாள் சாலையெங்கும் மரங்கள் வெட்டிக் கிடந்தன. பஸ் இல்லை. வெள்ளிமலை நர்ஸ் மேரிக்கு அன்று கள்ளக்குறிச்சி சர்ச்சில் கல்யாணம். பட்டுச்சேலையோடு ரோட்டோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். பதினொரு மணி வாக்கில் மாப்பிள்ளை ஜோசப்பே பாதிரியாரோடு வந்து சேர்ந்தார்! அடிவாரம் வரை சைக்கிள், பிறகு நடை. வேட்டி முழுக்கச் சேறு.

"மறியல் பண்ணிக்கினு இருந்தவங்களே சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வுட்டாங்க. கல்யாணம்னு சொன்னதும் ஒரே சிரிப்பு" என்றார் ஜோசப்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மேரியின் அப்பா ராஜம்மாவிடம் பள்ளிக்கூடத்தைக் கேட்டார்.

"ஆபீசருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்ணா."

"ஆபீசர் எப்டிக்கா வருவாரு? ரோடே இல்லியே" என்றார் ஜோசப்.

ராஜம்மா சிரித்துவிட்டார். "ஆனா மெழுகுவத்தி ஏத்தக் கூடாது. மேல பூரா மரம்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். உள்ளே பத்துப் பேர்தான் இருந்தோம். அவருக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒரு கம்பியால் அடித்தார். பல வருடமாக ஒலிக்காத மணி. "இன்னா ஆச்சி?" என்று மழையில் நனைந்தபடி ஊரே ஓடிவந்தது. அங்கே படித்தவர்கள் தத்தம் பழைய பெஞ்சைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்கள். மீசை வைத்த பெரிய மனிதர்கள் முழங்கால் மோவாயில் இடிக்கக் குறுகியிருக்க, கரும்பலகைக்கு முன்னால் தாலி ஏறியது. பிறகு எல்லோருக்கும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். என்னையும் பெஞ்சில் உட்கார வைத்தே பரிமாறினார் ராஜம்மா.

சாலை திறந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கினேன். எங்கள் ஊரிலும் ஒரு பழைய கட்டடத்தைப் பாதுகாக்கிறார்கள். அதன் சாவி எந்த ஆபீசில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வெள்ளிமலையில் அது ராஜம்மாவின் இடுப்பில் இருந்தது.