கல்லுக்கு அந்தப் பக்கம்

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. அன்று அப்பாவின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. அதனால் நேரம்கூடச் சரியாகத் தெரியும்.

1987 செப்டம்பர் 18. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் இரண்டாம் நாள். சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வடக்கனந்தல் பக்கம் ஒரு பஸ் இல்லை. மலையடிவாரத்து மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் கொத்தனாரான அப்பாவும், எட்டாவதோடு நின்றுவிட்ட நானும் மட்டும்.

அந்தக் கோயிலை வரைந்து கட்டிய வெள்ளைக்காரரின் சமாதி மேல் நின்ற நினைவுக்கல் அது. ஆளைவிட உயரம். மழையில் பெயர்கூட அழிந்திருந்தது. என் பக்கமாகச் சாய்ந்திருந்த கல்லை நிமிர்த்த, சவுக்குக் கழியால் முட்டுக்கொடுத்து, முன்னால் குழி வெட்டியிருந்தார் அப்பா.

மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை கல்லுக்குப் பின்னால் அப்பாவிடம். மறுமுனை முன்னால் என்னிடம். எந்த முனை மற்றதைவிடத் தாழ்ந்தாலும் அதன் வழியாகத் தண்ணீர் கொட்டிவிடும். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் அப்பா கல்லைத் தட்டுவார். ஒரு தட்டு, தூக்கு. இரண்டு தட்டு, இறக்கு.

மணி 4.10. வாசலில் ஒரு குரல்.

"யோவ் தங்கதுரை! ஊரே ரோட்டுல கீது, நீ செத்தவனுக்கு மட்டம் பாத்துக்கினு கீறியா?"

"தோ வரேன், கத்தாத!" என்றார் அப்பா, கல்லுக்குப் பின்னாலிருந்து.

வேலையை முடித்துவிட்டுத்தான் போவார் என்று நினைத்தேன். இருக்கிறாரா என்று கேட்கக் கூச்சம்.

4.20. டொக்... டொக். இறக்கினேன்.

டொக்... டொக். முழங்கால் வரை.

சத்தம் கல்லின் அடியிலிருந்து வந்தது. அப்பா குனிந்திருப்பார்...

4.31. டொக்... டொக். குழிக்குள் இறங்கினேன். கல் என் தலைக்கு மேல். குழாய் முனை தரைக்குக் கீழே முக்கால் முழம்.

தண்ணீர் கொட்டவில்லை.

அப்படியென்றால் மறுமுனையும் அதே ஆழத்தில்...

டொக்... டொக்.

முட்டுக்கழி முனகியது.

"செவ்வந்தி! குழிக்குள்ள இன்னாடி பண்ற? ஏறு!"

அப்பாவின் குரல். வாசலிலிருந்து.

ஏறிப் பாய்ந்தேன். 4.33. கல் விழுந்தது. குழி தெரியவில்லை.

அப்பா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் அப்பவே போய்ட்டேனே புள்ள... குழாயக் கல்லு மேல மாட்டிட்டுதான போனேன்..."

ஒரு வாரம் கழித்து வழி திறந்தது. ஆட்கள் வந்து கல்லைப் புரட்டினார்கள். குழாயின் மறுமுனை கல்லறை மண்ணுக்குள் போயிருந்தது. தோண்டிய தடமே இல்லை. இழுத்தார்கள். வரவில்லை.

மண்ணை வெட்டினார்கள். ஐந்து கிளையாக ஏதோ ஒன்று குழாயை இறுக்கிச் சுற்றியிருந்தது. வேர் என்றார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது.